பதினேழாம் கேள்விக்கு டெஸ்டர் எழுதிய பதில்

பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் நாலு பேர் நாலு திசையில் கை காட்டுவார்கள். டெஸ்டர் என்று கேட்டால் வாசல் காவலாளியே கையைப் பிடித்து ஸ்விட்ச் ரூமில் கொண்டுபோய் விடுவான். பேனா இருக்கவேண்டிய சட்டைப் பையில் அவருக்கு எந்நேரமும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்குப் போனபோதும் செருகியிருந்தது, போட்டோவிலும் விழுந்துவிட்டது. "மாப்பிள்ளைக்குக் கரண்ட் வருதான்னு பார்க்க வந்தீங்களாக்கும்" என்று சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

பதினோரு வருஷமாக அங்கே ஒப்பந்த வயர்மேன். மூன்று மாடி, நாலு ஆபரேஷன் தியேட்டர், இரண்டு லிஃப்ட், ஒரு பிணவறை. எந்தச் சுவருக்குள் எந்தப் பைப் எந்தப் பக்கம் வளைந்து போகிறது என்பதற்கு ஒருகாலத்தில் வரைபடம் இருந்தது. அதைக் கரையான் தின்று தீர்த்தபிறகு எல்லாம் டெஸ்டர் தலைக்குள்தான். தியேட்டரில் விளக்கு ஒருதரம் கண்சிமிட்டினால் டாக்டர் வாயில் முதலில் வருவது அவர் பேர். ஆனால் வருகைப் பதிவேட்டில் அந்தப் பேர் கடைசிப் பக்கத்தில், பென்சிலில் எழுதியிருந்தது. வருஷா வருஷம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். மறு வருஷத் தாள் வரும்வரை அவர் அங்கே ஆள். அவ்வளவுதான்.

அப்படியிருக்க, ஒப்பந்தக்காரர்களில் ஒன்பது பேரை நிரந்தரம் செய்கிறோம் என்று ஒரு உத்தரவு வந்தது. பட்டியலில் மூன்றாவது பேர் டெஸ்டர். நிரந்தரம் ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருக்கும் ஊழியர் குடியிருப்பில் வீடு உண்டு.

அவர் மனைவி ஒரு தையல் கம்பெனியில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்றபடி நீராவியில் வேகிற வேலை. செய்தி காதில் விழுந்த மறுநாளே அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் குடியிருப்பைப் பார்க்கப் போய்விட்டாள். காலியாக இருந்தது பதினாலாம் வீடு மட்டும். பூட்டியிருந்தது. சுற்றிப்போய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சமையல்கட்டு தனியா இருக்குங்க. அதுல ஜன்னல் வேற இருக்கு."

"எல்லா வீட்லயும்தான் ஜன்னல் இருக்கும்."

"நம்ம வீட்ல எங்க இருக்கு? இருக்கிறது ஓட்டை. அதுலயும் பக்கத்து வீட்டுப் பாத்ரூம்தான் தெரியுது. அங்க மரம் தெரியுதுங்க."

அவள் சொன்னது சரி. அவர்கள் குடியிருந்தது ஒற்றை அறை. அடுப்பு ஒரு மூலை, பாய் ஒரு மூலை, நடுவில் துணிக்கொடி. தாளித்தால் தலையணை இருமும். அந்த மாதம் முழுக்க அவள் பேச்சில் பதினாலாம் வீடுதான். எந்தப் பக்கம் அடுப்பு, எந்தப் பக்கம் தண்ணீர்க் குடம் என்றெல்லாம் முடிவாகிவிட்டது. வீடு மட்டும்தான் இன்னும் கைக்கு வரவில்லை.

பிறகுதான் நிரந்தர வேலைக்கான விண்ணப்ப பாரம் வந்தது. எட்டுப் பக்கம், முழுக்க ஆங்கிலம். காலை பதினோரு மணிக்குக் கொடுத்து, மூன்று மணிக்குள் பூர்த்தி செய்து தரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார் நிர்வாகப் பிரிவுக் குமாஸ்தா.

டெஸ்டர் வீட்டில் ஒரு பழக்கம். காகிதம் என்று எது வந்தாலும், அது கரண்ட் ஆபீஸ் நோட்டீஸோ சாவுச் சான்றிதழோ, நேராக மனைவியின் தம்பி கைக்குப் போய்விடும். இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் முதல் டிகிரி அவன்தான். அதுவும் ஆங்கிலத்தில் எம்.ஏ. டுட்டோரியலில் பாடம் நடத்துகிறான். பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, பட்டதாரி என்றுதான் சொல்வார்கள். முதலில் பெருமையாகச் சொன்னது. நாளாக நாளாக அதுவே பேராகிவிட்டது. பட்டதாரி பேனாவைத் திறந்தால் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த வாரம் அவன் ஒரு பரீட்சைக்கு மேற்பார்வை பார்க்க வெளியூர் போயிருந்தான்.

வேறு வழியில்லாமல் டெஸ்டரே ஸ்விட்ச் ரூமில் ஒரு பேட்டரிப் பெட்டிமேல் உட்கார்ந்து எழுதினார். லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்த ஆங்கிலம் கொஞ்சம் இருந்தது. பேர், பிறந்த தேதி, அப்பா பேர், படிப்பு எல்லாம் தட்டுத்தடுமாறி முடித்தார். ஐந்தாம் பக்கம் உடம்பைப் பற்றியது. கண்ணாடி போடுவீர்களா, வலிப்பு உண்டா, இதயக் கோளாறு உண்டா. பதினாறாவது, ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா. எல்லாவற்றுக்கும் பக்கத்து அறை சிஸ்டரைக் கேட்டுக் கேட்டு இல்லை என்று போட்டார். பதினேழாவதுக்கு வந்ததும் முகம் மலர்ந்தது. இதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. எப்போதாவது இன்கார்சரேட்டட் ஆகியிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தது. அந்தச் சொல் அவருக்குத் தெரியும்.

அந்தச் சொல்லைத் தெரிந்துகொண்ட கதை இது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவசர ஆபரேஷன் ஒன்றின் நடுவில் தியேட்டர் விளக்கு விட்டு விட்டு எரிய, டெஸ்டருக்குப் பச்சை அங்கியும் முகமூடியும் மாட்டி உள்ளே இழுத்துப் போனார்கள். ஒரு ஸ்டூல்மேல் ஏறி, தளர்ந்திருந்த இணைப்பை விரலால் அழுத்தியபடி இருபது நிமிஷம் அசையாமல் நின்றார். கீழே நோயாளியின் வயிறு திறந்து கிடந்தது. டாக்டர் திரும்பத் திரும்ப, "இன்கார்சரேட்டட், இன்கார்சரேட்டட்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் டெஸ்டர் சிஸ்டரிடம் கேட்டார்.

"அது என்ன சிஸ்டர், டாக்டர் மந்திரம் மாதிரி சொன்னாரே?"

"குடலிறக்கம் தெரியும்ல? குடல் ஒரு சந்துல நுழைஞ்சு, திரும்ப உள்ள போக முடியாம மாட்டிக்கிச்சு. அதுக்குத்தான் அந்தப் பேரு."

அன்றிலிருந்து அது டெஸ்டரின் சொந்தச் சொல் ஆகிவிட்டது. சுவர்ப் பைப்புக்குள் வயர் சிக்கினால், "இன்கார்சரேட்டட் ஆயிடுச்சுப்பா, எண்ணெய் விடு" என்பார். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றால் உள்ளே இருப்பவர்கள் இன்கார்சரேட்டட். மராமத்துப் பிரிவே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. இங்கிலீஷ்காரன் கேட்டால் நாண்டுகொண்டு சாவான் என்று ஃபோர்மன் சொல்வார்.

ஆக, குடலிறக்கம் உண்டா என்றுதானே கேட்கிறார்கள்? ஏணி ஏறுகிற வேலை, மோட்டார் தூக்குகிற வேலை, கேட்கத்தானே செய்வார்கள். பெரிய எழுத்தில் 'நோ' என்று போட்டார். அந்த எட்டுப் பக்கத்தில் யாரையும் கேட்காமல், ஒரு சந்தேகமும் இல்லாமல் அவர் எழுதிய பதில் அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், ஒரு துணிக் குடோனுக்கு டெஸ்டர் வயரிங் செய்தார். நாலு மாதம் கழித்துக் குடோன் எரிந்தது. உள்ளே படுத்திருந்த சுமைகூலி ஒருவர் செத்துப்போனார். முதலாளி தப்பிக்க ஒரு கழுத்து வேண்டியிருந்தது. வயர்மேன் கழுத்து கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு. ஜாமீன் நிற்க ஆள் இல்லாமல் நூற்று மூன்று நாள் உள்ளே கிடந்தார். மெயின் ஸ்விட்சை மறைத்து மூட்டைகளை அடுக்கியது முதலாளிதான் என்பது கடைசியில் வெளிப்பட்டு, இவர் மேல் தவறு இல்லை என்று தீர்ப்பானது.

அந்த நூற்று மூன்று நாளை அவர் ஜெயில் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அங்கே தண்டனைக்காரர்களுக்கு நம்பர் போட்ட சட்டை. தீர்ப்புக்குக் காத்திருக்கும் விசாரணைக்காரர்களுக்கு வீட்டுச் சட்டை. முதல் நாள் இவர் உட்கார்ந்து அழுதபோது ஒரு வார்டர், "எதுக்குய்யா அழறே? நீ இன்னும் ஜெயிலுக்கே வரல. ரிமாண்ட்ல இருக்கே. வாசல்ல நிக்கிறேன்னு நெனச்சுக்கோ" என்றார். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் டெஸ்டர் நூற்று மூன்று நாளையும் கடந்தார். வெளியே வந்தபிறகும் அவர் வாயில் அது 'ரிமாண்ட்ல இருந்தப்ப' மட்டும்தான். பாரத்தில் யாராவது தமிழில், ஜெயிலுக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தால்கூட ஒரு நிமிஷம் யோசித்து, வழக்கு நம்பரையும் தீர்ப்புத் தேதியையும் எழுதியிருப்பார். தீர்ப்பு நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிற மனுஷன். மறைக்க அவருக்கு என்ன வந்தது?

இரண்டு மாதம் கழித்து மெமோ வந்தது. போலீஸ் சரிபார்ப்பில் நூற்று மூன்று நாள் வெளிவந்திருந்தது. பதினேழாம் கேள்விக்குப் பொய்யான பதில் எழுதி உண்மையை மறைத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். பதினாறோடு உடம்புக் கேள்விகள் முடிந்திருந்தன. பதினேழிலிருந்து போலீஸ், வழக்கு பற்றிய கேள்விகள்; அங்கே இன்கார்சரேட்டட் என்றால் ஜெயிலில் அடைபட்டவர் என்று அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடுகூடப் போடவில்லை.

குமாஸ்தா நல்ல மனுஷன்தான். தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன் அண்ணே, ஆமான்னு எழுதியிருந்தா ஒண்ணுமே இல்லையே! விடுதலைன்னு தீர்ப்பு இருக்கு. அதைச் சேர்த்துக் குடுத்தா ஃபைல் தானா ஓடியிருக்கும். இப்ப ஜெயில் பிரச்சனை இல்ல. மறைச்சதுதான் பிரச்சனை."

"நான் மறைக்கல தம்பி. அது குடலிறக்கம்னு நெனச்சேன்."

குமாஸ்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இதை வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார்.

பட்டதாரி அன்றைக்கே வந்து சேர்ந்தான். மெமோவை இரண்டு தரம் படித்தான். குடல் கதையைக் கேட்டதும் அவன் காது இரண்டும் சிவந்துபோயின.

"மாமா, என்னைக் கேட்டிருக்கலாம்ல? ஒரு போன் போட்டா சொல்லியிருக்க மாட்டேனா?"

"தெரிஞ்ச வார்த்தைன்னு நெனச்சிட்டேன் மாப்ள."

"தெரிஞ்ச வார்த்தை! குடலாம், குடல்! இதைப் போய் அங்க சொன்னீங்கன்னா வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிப்பாங்க. இவன் மச்சினன் இங்கிலீஷ் எம்.ஏ.வாம்னு அதுக்கும் சேர்த்துச் சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. நடந்தது அதானே?" என்றாள் அவன் அக்கா.

"நடந்தது முக்கியமில்லக்கா. எப்படி எழுதுறோம்கிறதுதான் முக்கியம். விடு, நான் பார்த்துக்கிறேன்."

இரண்டு நாள் நூலகத்திலேயே கிடந்தான். மூன்றாம் நாள் நாலு பக்கம் டைப் அடித்துக்கொண்டு வந்து, துணிக்கொடிக்குக் கீழே நின்று, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி விளக்கினான். அவனுடைய டுட்டோரியல் பிள்ளைகளுக்குக்கூட அப்படி ஒரு பாடம் வாய்த்திருக்காது. அதில் சந்தேகமே இல்லை.

"இன்கார்சரேட். 'இன்' என்றால் உள்ளே. 'கார்செர்' லத்தீன் சொல், ஆளை அடைத்துவைக்கும் இடம். உள்ளே போட்டு அடைப்பது, அதுதான் மொத்தத்தில் அர்த்தம். ஜெயில் இருக்கே, அது வேற வம்சம். லத்தீன்ல கூண்டுக்கு ஒரு சொல், அதுல குட்டிக் கூண்டுக்கு ஒரு சொல், அது பிரெஞ்சுக்காரன் வாயில தேஞ்சு தேஞ்சு ஜெயில் ஆச்சு. ப்ரிசன்கிறது பிடிக்கிறதுங்கிற வினையிலிருந்து வந்தது. ஜெயிலும் ப்ரிசனும் தெருவுல நடமாடுற சொல்லு. இன்கார்சரேஷன் அப்படியில்ல. அது காகிதத்துல மட்டும் குடியிருக்கிற சொல்லு. சட்டம், அறிக்கை, புள்ளிவிவரம். எந்தப் பொம்பளையும் 'ஐயோ என் புருஷனை இன்கார்சரேட் பண்ணிட்டாங்களே'ன்னு மாரடிச்சு அழமாட்டா."

"நான் ஜெயில்ல போட்டுட்டாங்களேன்னுதான் அழுதேன்" என்றாள் அக்கா.

"அதான் சொல்றேன். நம்ம வாதம் என்னன்னா, இந்தக் காகிதச் சொல் தீர்ப்பாகி தண்டனை அனுபவிக்கிறவனுக்குத்தான் பொருந்தும். மாமா ரிமாண்ட்ல இருந்தாரு. ரிமாண்டுக்கு மூல அர்த்தம் 'திருப்பி அனுப்பு'. அவ்வளவுதான். அதனால 'நோ'ங்கிறது நூத்துக்கு நூறு சரியான பதில்."

டெஸ்டருக்கு உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது. வார்டர் சொன்னதைத்தான் இவன் லத்தீனில் சொல்கிறான். பதினெட்டு வருஷமாக அவர் வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் வைத்திருந்ததை ஒருவன் டைப் அடித்துக் கொண்டுவந்திருக்கிறான். அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் ஏமாந்துபோனார் என்றுதான் சொல்லவேண்டும்.

"இன்னொண்ணு கேளுங்க மாமா, இதான் உச்சம். இதே கார்செர் பன்மையில வந்தா, ரோமாபுரியில பந்தயம் ஆரம்பிக்கிற வரைக்கும் தேர்க்குதிரைங்களை நிறுத்தி வைக்கிற அடைப்பு. அதையும் சேர்த்திருக்கேன்."

"அது எதுக்குப்பா?" என்றார் டெஸ்டர்.

"ஆராய்ச்சி பண்ணியிருக்கோம்னு தெரியணும்ல!"

அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "தம்பி, கூண்டுங்கிற, அடைப்புங்கிற. ஒரு நாள் இருந்தாலும் அது அடைப்புதானே? நீ என்ன வேணும்னாலும் எழுது. அடியில, 'எனக்கு இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது, தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன்'னு ஒரே ஒரு வரி எழுதிடு."

"தெரியாதுன்னு எழுதுறது மரியாதையா இருக்காதுக்கா."

"யாருக்கு மரியாதை?"

அவன் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு மாமாவிடம் நீட்டினான். டெஸ்டர் போட்டார்.

விசாரணை, நிர்வாக அதிகாரியின் அறையில் நடந்தது. நீள மேஜைக்குப் பின்னால் அதிகாரி, பக்கத்தில் ஒரு டாக்டரம்மா. பட்டதாரியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். அறையில் ஒரு டியூப் லைட் விர்ரென்று இரைந்துகொண்டிருந்தது. சோக் போகப்போகிறது என்று டெஸ்டருக்கு உள்ளே நுழையும்போதே தெரிந்துவிட்டது. பேச்சு முடியும்வரை அவர் கண் அங்கேயே போய்ப் போய் வந்தது.

அதிகாரி நாலு பக்கத்தையும் முழுசாகப் படித்திருந்தார். அதுதான் வினை. இப்படிப்பட்ட காகிதத்தை யாரும் முழுசாகப் படிக்கமாட்டார்கள் என்பதுதான் வழக்கம். இவர் பேனாவால் கோடு போட்டுப் படித்திருந்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. எனக்கே சில விஷயம் புதுசு. கார்செர்னா பந்தயம் தொடங்குறதுக்கு முன்னாடி குதிரைகளை அடைச்சு வைக்கிற இடம். சரியா?"

"ஆமாங்க சார்."

"அப்ப, ஓட்டம் தொடங்கும் முன்னாடி அடைக்கிறதுக்கே இந்த வார்த்தைதான். தீர்ப்புக்கு முன்னாடி உங்களை அடைச்சு வச்சது மட்டும் எப்படி வேற ஆகும்? உங்க விளக்கமே உங்களுக்கு எதிராத்தானே இருக்கு?"

டெஸ்டர் டியூப் லைட்டைப் பார்த்தார். குதிரையை ஏன் உள்ளே விட்டான் அந்தப் பாவி என்று நினைத்தார்.

"அதைவிடுங்க. ஒரு சொல்லோட பூர்வீகம் வரைக்கும் தெரிஞ்ச ஒருத்தர், அர்த்தம் தெரியாம பதில் எழுதினார்னு நான் எப்படி நம்புறது?"

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று டெஸ்டர் உண்மையைக் கொட்டிவிட்டார். தியேட்டர், ஸ்டூல், குடல், சிஸ்டர், பைப்பில் சிக்கும் வயர், ஒன்று விடவில்லை. டாக்டரம்மாவுக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும், உண்மையாகவே உதவி செய்கிற எண்ணத்தோடு, "அப்படி ஒரு அர்த்தம் இருக்கு சார். சர்ஜரியில நாங்க அப்படித்தான் சொல்வோம்" என்றார்.

"அப்போ இவருக்கு ரெண்டு அர்த்தமும் தெரிஞ்சிருக்கு" என்றார் அதிகாரி.

"இல்ல சார்! எனக்கு ஒண்ணுதான் தெரியும். வேணும்னா எங்க ஃபோர்மனைக் கூப்பிட்டுக் கேளுங்க. தினமும் அந்த வார்த்தையைச் சொல்றவன் நான்."

"தினமும் சொல்ற வார்த்தையா? எழுதிக்கோங்க" என்று அதிகாரி மூலையில் இருந்த குமாஸ்தாவிடம் சொன்னார். குமாஸ்தா தலை நிமிராமல் எழுதினார்.

"சார், இந்த நாலு பக்கமும் நான் எழுதினது இல்ல. வெளிய உக்காந்திருக்கான் பாருங்க, என் மச்சினன், அவன் எழுதினது. எனக்கு அதுல ஒரு வரிகூடப் புரியாது."

"புரியாமலா கையெழுத்துப் போட்டீங்க?"

"அவன் படிச்ச பையன் சார்."

"எட்டுப் பக்க பாரத்துலயும் 'மேலே கண்டதெல்லாம் உண்மை'ன்னு கையெழுத்து இருக்கு. அதுவும் இப்படிப் போட்டதுதானா?" அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். குரலில் கோபமே இல்லை. "ஒரே கேள்விக்கு உங்ககிட்ட ரெண்டு பதில் இருக்கு. எழுத்துல ஒண்ணு, வாயால ஒண்ணு. எதை நான் உண்மைன்னு எடுத்துக்கிறது, சொல்லுங்க."

லைனில் கரண்ட் இருக்கிறதா என்றால் டெஸ்டரை வைத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். மனுஷன் வாயிலிருந்து வந்ததற்கு எதை வைத்துப் பார்ப்பது? டெஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டியூப் லைட் இரைந்துகொண்டே இருந்தது.

வெளியே வந்ததும் பட்டதாரி எழுந்து ஓடிவந்தான். "படிச்சாங்களா மாமா?"

"படிச்சாங்க மாப்ள. நல்லாப் படிச்சிட்டாங்க."

பத்து நாளில் உத்தரவு வந்தது. உண்மையை மறைத்ததாலும், முரண்பட்ட விளக்கங்கள் அளித்ததாலும், நிரந்தர நியமனம் ரத்து. ஒப்பந்தமும் அன்றோடு முடிவு. இந்த இரண்டாவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. குமாஸ்தா அதைத் தமிழில் சொல்லும்போது அவர் குரலே ஒருமாதிரி ஆகிவிட்டது. உத்தரவு ஆங்கிலத்தில் இருந்தது, அதுவும் மூன்று பக்கம். அடியில், 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று அச்சடித்து ஒரு கோடு.

"இங்க ஒரு கையெழுத்து அண்ணே."

டெஸ்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் படிக்கவும் இல்ல, புரிஞ்சுக்கவும் இல்ல தம்பி. இனிமே புரியாததுல கையெழுத்துப் போடமாட்டேன்."

அவர் வாழ்க்கையில் ஒரு காகிதத்துக்கு முடியாது என்று சொன்னது அதுவே முதல் தடவை. குமாஸ்தாவுக்குக் கோபம் வரவில்லை. இதற்கும் ஒரு வழிமுறை இருந்தது.

"போடலைன்னாலும் ஒண்ணும் ஆகாதுண்ணே. வாங்க மறுத்தார்னு எழுதி, ரெண்டு சாட்சி போட்டுட்டா உத்தரவு செல்லும். ஒண்ணு நான் போடுறேன். இன்னொண்ணு..." நிமிர்ந்து, கூட வந்திருந்த பட்டதாரியைப் பார்த்தார். "சார் படிச்சவர்தானே? சார் போடலாம்."

பட்டதாரி மாமாவையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தான். "மாமா, உத்தரவு நம்ம கைக்கு வந்ததா ஆனாத்தான் அப்பீல் போக முடியும். நாள் கணக்கு இன்னியிலருந்துதான். நான் போட்டுடறேன், என்ன?"

டெஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவன் பேனாவைத் திறந்தான். ஆங்கிலத்தில், பேருக்குப் பின்னால் எம்.ஏ. சேர்த்து, அழகாகத்தான் போட்டான். வாங்க மறுத்தார் என்பதற்கு அவன் சாட்சி.

ஸ்விட்ச் ரூம் சாவியை ஃபோர்மன் கையில் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். வழியெல்லாம் பட்டதாரி அப்பீலில் என்னென்ன எழுதலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தான். 'மறைத்தல்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் என்ன பொருள், அதற்கு மூலம் எது, எல்லாம் பார்க்கவேண்டுமாம். குறைந்தது ஆறு பக்கம் வருமாம்.

வீட்டில் அவள் காத்திருந்தாள். அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு கேட்க ஒன்றும் இல்லை. தம்பி கையிலிருந்த உத்தரவு நகலை வாங்கினாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள் அவள், ஆனாலும் கடைசிப் பக்கத்தில் கண் நின்றுவிட்டது. அந்தக் கையெழுத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய சான்றிதழ்களில் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போன கையெழுத்து அது.

"இது உன் கையெழுத்துதானே?"

"அக்கா, அது அப்பீலுக்காக..."

"எதுக்கா வேணும்னா இருக்கட்டும். ஒரு வரி எழுதச் சொன்னேன் உன்கிட்ட. ஒரே ஒரு வரி. தெரியாதுன்னு. அதை எழுதுறதுக்கு உன் கை வரல. இதுக்கு மட்டும் வந்திருக்கு." அவள் குரல் உயரவே இல்லை. "நான் இன்னும் எத்தனை வருஷம் இந்த ஓட்டையைப் பார்த்துக்கிட்டு சமைக்கணும், சொல்லு? உன் லத்தீன்ல அதுக்கு என்ன பேரு?"

அவன் வாசற்படியிலேயே நின்றான். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் வெளியிலுமாக இருந்தான்.

"கொஞ்ச நாளைக்கு நீ இந்தப் பக்கம் வராம இரு" என்றாள்.

டெஸ்டர் அதற்குள் பாயில் உட்கார்ந்திருந்தார். அவளிடமிருந்து வாங்கிய மூன்று பக்க உத்தரவு அவர் மடியில் இருந்தது. அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோமா நேராகப் பிடித்திருக்கிறோமா என்று பார்க்கிற மாதிரி அதன் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்.

"அவனை உள்ள கூப்பிடு."

"எதுக்கு?"

"இதுல என்ன போட்டிருக்குன்னு இன்னும் எனக்கு முழுசாத் தெரியாது. வேற யாரு இருக்கா நமக்குப் படிச்சுச் சொல்ல?"

அவள் அடுப்பு மூலைக்குப் போய்த் தம்பிக்கும் சேர்த்து மூன்று தட்டு எடுத்து வைத்தாள். மூன்றாவது தட்டை வைத்த சத்தம் மட்டும் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது.